மேற்கு அடைப்பின் கேட்

அன்பு மகள் செதூன்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை யூவனும் என் பேத்தி அமாண்ட்லேயும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், இந்தக் கோபத்திலும் ஜெபத்தை விடவில்லை. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்து நன்றாக வேலை செய்கிறது, தூரத்தில் போகும் மாட்டை அதன் கொம்பை வைத்தே இன்னாருடையது என்று சொல்லிவிடுகிறேன். மழை இன்னும் இறங்கவில்லை, மேகம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நலம் பற்றி எழுத வேண்டியது இவ்வளவுதான், மற்றதற்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை. சிக்னலுக்காக ஏறி நின்ற கறையான் புற்றிலிருந்து நானாகத்தான் இறங்கினேன். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சமாதானம் சொல்லத் தொடங்குவேன், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தைப் படித்து நீ அழுதால் எனக்குக் கேட்காது, அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கைதான், எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் படித்துப் புரிந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிடாதே.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அந்தப் புதன்கிழமை காலையில் நான் வழக்கம்போல விடியும் முன்பே பிக்கப்பை எடுத்துக்கொண்டு மேற்கு கேட்டைத் தாண்டி, அடைப்பு மேய்ச்சலில் நிற்கும் மாடுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு நீங்கள் மாவுனில் விமானம் ஏற அதே மேற்கு கேட் வழியாகப் போனீர்கள், மத்தியானம் உன் அண்ணன் ஒடெங் வந்து என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தெற்குப் பாதை வழியாகக் கிராமத்துக்குக் கூட்டிப் போனான். மாடு மேய்க்கும் மொலெஃபியும் தன் மாமனார் சாவுக்குப் போயிருந்தான். பண்ணையில் ஆள் இல்லாவிட்டால் என்ன, சோலார் பம்பு தொட்டியை நிரப்பிவிடும், கேட் திறந்திருந்தால் மாடுகள் தானாக வந்து குடித்துவிட்டுப் போகும், அக்டோபர் வெயிலில் நாம் வேறெப்படிச் செய்வோம், உனக்குத் தெரியாததா. அந்த வார ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தால் கேட் மூடி, சங்கிலி மாட்டியிருந்தது. தண்ணீர் வாசனை காற்றில் வந்திருக்கும் போல, எல்லாம் கம்பியை முட்டிக்கொண்டே நின்றிருக்கின்றன, கம்பியெல்லாம் மயிர். ஏழு மாடு செத்துக் கிடந்தது மகளே. என் நெற்றிச்சுட்டிப் பசு கம்பிக்கு இந்தப் பக்கம் தலையும் அந்தப் பக்கம் உடம்புமாகக் கிடந்தது, நாக்கு தொட்டியைப் பார்த்து நீண்டிருந்தது. அதன் கிடாரி மட்டும் எப்படியோ பிழைத்துவிட்டது.

ஒடெங் அன்றே உனக்குப் போன் போட்டான், நாங்கள் புற்றைச் சுற்றி நின்றோம், ஸ்பீக்கரில் உன் குரல் எல்லோருக்கும் கேட்டது. "நாங்க போனப்பவே கேட் மூடித்தான் இருந்துச்சுண்ணா, திறந்து போயிட்டு பழையபடி மூடிட்டோம்" என்றாய். உங்களுக்கு முன்னால் அந்தக் கேட் வழியாகப் போனவள் நான் ஒருத்திதான். ஒடெங் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். "விடும்மா, வயசானா இப்படித்தான், உன்மேல எனக்குக் கோவமில்ல" என்று தோளைத் தட்டினான், கன்றுக்குட்டியைத் தட்டுவது போல. மொலெஃபி மட்டும்தான் "அம்மா மூடியிருக்க மாட்டாங்கய்யா, இருட்டுல தூக்கத்துல நடந்தாக்கூட மூட மாட்டாங்க" என்றான், அவன் பேச்சு யாருக்கு வேண்டும். மறுவாரம் தேவாலயத்து வாசலில் பூசாங்கின் அம்மா, அந்த ம்மா-பூசாங், எல்லோர் முன்னாலும் "என்ன கெழவி, வீட்டுக் கதவயாவது ஞாபகமாப் பூட்டிட்டு வந்தியா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் பானையில் பால் பொங்கினால்கூட அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், அவள் என்னைக் கேட்கிறாள்!

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. நான் உன்னை நம்பினேன், அதுதான் பெரிது. என் மகள் பொய் சொல்ல மாட்டாள், அப்படியானால் மூடியது என் கைதான் என்று நம்பினேன். தினமும் உட்கார்ந்து அந்தக் காலையை நினைத்து நினைத்துப் பார்த்தேன், சங்கிலியை இழுத்தேனா, கொக்கியை மாட்டினேனா என்று. கடைசியில் இழுத்தது போலவே ஞாபகம் வரத் தொடங்கிவிட்டது, பார்த்துக்கொள். பிக்கப் சாவியை ஒடெங் பிடுங்கவில்லை, ஆணியிலிருந்து நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு வண்டி கொண்டு வருகிறேன், கிராமத்து வீட்டில் அறை தயார் என்றான், சரி என்றேன். மருமகள் பூப்போட்ட திரைகூடத் தைத்துவிட்டாளாம். வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் காலை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

இப்போது, போன ஞாயிறு, நீ போனில் சொல்கிறாய், "யூவன் மேல தப்பில்லம்மா, நான்தான் மூடச் சொன்னேன், அம்மா மூட மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்று. அமாண்ட்லே பின்சீட்டிலிருந்து "பாட்டி அதத் திறந்தே வைக்கணும்னு சொன்னாங்க, மூடாதீங்க" என்று அழுதாளாம், நீ அவளை அதட்டினாயாம். ஒன்பது வயதுப் பிள்ளை, வந்து பத்து நாள் இருந்தவள், அவளுக்கு விளங்கியது. யூவன் பாவம், கடற்கரையில் பிறந்தவன், அவனுக்கு மாட்டின் தாகம் தெரியாது. நீ இந்தத் தொட்டித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். பண்ணை கேட் வரும்போது எப்படி இருந்ததோ போகும்போதும் அப்படியே இருக்க வேண்டும், இதை நீ நடக்கப் பழகும்போதே பழகினாய். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தன் பிள்ளையின் முகமே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் கிழவிகளைத் துடைத்துத் துடைத்து, என்னையும் அதில் ஒருத்தியாகப் பார்த்துவிட்டாய். அதைக்கூட மன்னிப்பேன். "அண்ணனுக்குத் தெரிய வேணாம்மா, இவர சும்மா விடமாட்டான், எப்படியும் உனக்குக் கிராமம்தானே நல்லது, ஆஸ்பத்திரி பக்கம்" என்றாயே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நான் யார் என்று உனக்கு மறந்திருந்தால் கேள். இந்தப் பண்ணையில் முதல் கிணறு தோண்டியபோது தோண்டிய மண்மேட்டில் உட்கார்ந்து விளையாடியவள் நான். அண்ணன்கள் ஒவ்வொருவராகச் சுரங்கத்துக்குப் போனதும் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தண்ணீர் இறைக்க வைத்து, கூலியாக ஒரு நெற்றிச்சுட்டிக் கிடாரியைக் கொடுத்தார். பெண்ணுக்கு மாடா என்று சித்தப்பாமார் சிரித்தார்கள். உன் அப்பாவும் சுரங்கத்துக்குப் போனார், பெட்டியில் திரும்பி வந்தார். அடக்கம் முடிந்த மறுநாளே அவருடைய அண்ணன் தம்பிகள் மாடுகளை ஓட்டிப் போக வந்தார்கள், ஒடெங் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருக்க, நீ முதுகில் தூங்க, அதே மேற்கு கேட்டின் நடுவில் நின்று, "என் மேல ஏறித்தான் ஓட்டிப் போகணும், வாங்க" என்றேன். ஒருவரும் ஏறவில்லை. பெரிய பஞ்சத்தில் மரக்கிளை வெட்டிப் போட்டு அந்தச் சுட்டி வம்சத்தைக் காப்பாற்றினேன், அதன் கன்றுகளை விற்றுத்தான் நீ நர்ஸுக்குப் படித்தாய். செத்துக் கிடந்தது அந்த வம்சத்துப் பசு. இவ்வளவு காலம் இந்த இடத்தில் என்னை ஒருவராலும் அசைக்க முடியவில்லை, நீ ஒரு பொய்யில் அசைத்துவிட்டாய்.

ஒடெங்கிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நான் சொன்னால் கிழவி தன் மறதியை வெள்ளைக்கார மாப்பிள்ளை தலையில் கட்டுகிறாள் என்பான். உன் வாயால் போன பெயர் உன் வாயால்தான் திரும்ப வர வேண்டும். எனக்குப் போன் செய்யாதே, அவனுக்குச் செய், ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பேசு, மருமகளும் கேட்கட்டும். அவன் கத்துவான், கத்தட்டும், உனக்கு ஒன்றும் ஆகாது. பிறகு அந்தச் சாவியை அவனே கொண்டுவந்து ஆணியில் மாட்ட வேண்டும். நீ பேசாமல் இருந்துவிட்டாலும் நான் வண்டியில் ஏறப்போவதில்லை, அது வேறு, அந்தத் திரையை மருமகள் தன் ஜன்னலுக்கே போட்டுக்கொள்ளட்டும். ஆனால் நீ பேசினாயா இல்லையா என்பது நான் சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்கும்.

பிழைத்த கிடாரிக்கும் அம்மாவைப் போலவே நெற்றியில் சுட்டி. நேற்று மொலெஃபியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் கையாலேயே சூட்டுக்குறி போட்டேன். இனி அது அமாண்ட்லேயின் மாடு. மழை முடிவதற்குள் கன்று போடும், அவளிடம் சொல், அதற்குப் பெயர் அவள்தான் வைக்க வேண்டும். அவள் சொன்னது சரி என்றும் சொல், நீதான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளையிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், மழை பெய்யட்டும். மேற்கு கேட்டைக் கம்பத்தோடு கம்பி போட்டுக் கட்டிவிட்டேன், திறந்தபடி.

வழக்கம்போல மூத்த பிள்ளையின் பெயரால் ஒடெங்கின் அம்மா என்று இந்த முறை எழுதக் கை வரவில்லை, என் அப்பா வைத்த பெயரையே போடுகிறேன்,
கெனெயில்வே,
பண்ணையிலிருந்து.