கட்டி திரும்பவில்லை என்றார்கள்

ராத்தா, என் கூடப்பிறந்த மூத்தவளே,

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டை ஒதுக்கும்போது உங்கள் அட்டைப் பெட்டி அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் ரப்பர் வாசமும், அதை மறைக்க நீங்கள் தடவிவந்த அத்தர் வாசமும் ஒன்றாய் எழுந்தன. பாவிக்காத பைகள் இன்னும் உறையோடு கிடந்தன. அங்கேயே குந்திக்கொண்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. அழுகையைவிட அதுதான் இப்போது எனக்கு அடிக்கடி வருகிறது.

யுத்தம் முடிந்து, மன்னாருக்குத் திரும்பிப் போவதா, கல்பிட்டிக் கரையிலேயே இருந்துவிடுவதா என்று வீட்டுக்கு வீடு கதைத்துக்கொண்டிருந்த காலம். உங்களுக்கு மலத்தோடு இரத்தம் போனது. மூலம் என்று கைமருந்து செய்தோம். கொழும்பில்தான் மலக்குடலில் புற்று என்றார்கள். கட்டியை வெட்டியெடுத்துக் குடலைப் பொருத்துவோம், பொருத்து ஆறும்வரை மலம் வந்து சேர வயிற்றில் ஒரு பை, பிறகு மூடிவிடலாம் என்றார் டொக்டர். “நோன்புக்கு முந்தி மூடிருவாங்க புள்ள” என்று நீங்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள்.

பொருத்தின இடம் கசிந்தது. காய்ச்சலில் பிதற்றினீர்கள். இரண்டாந்தரமும் வெட்டினார்கள். நீங்கள் கண் விழித்தபோது, பை இனிக் காலத்துக்கும் இருக்கும் என்றாகியிருந்தது. யார் கைப்பிழையும் இல்லை, இந்தச் சத்திரசிகிச்சையில் அப்படி நடப்பதுண்டு என்றார்கள். ஏற்றுக்கொள்கிறேன். நடப்பதுண்டு என்றால் அதை முதலிலேயே சொல்ல வாயில்லையா? மூத்திரம் இலகுவில் போகாது, பையைச் சுற்றித் தோல் புண்ணாகும், பக்கத்தில் வயிறு புடைக்கும். எல்லாமே வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

ஆனாலும் நீங்கள் சிரித்தீர்கள். பை சத்தம் போட்டால், “பாரு, என்ட வயித்துக்கும் வாய் வந்துட்டுது. இனி மாமிமாரோட அதுவே கதைக்கட்டும்” என்பீர்கள்.

அந்தச் சிரிப்பு நின்ற நாளும் எனக்குத் தெரியும். நம் தம்பி மகளின் வலீமா, கலியாண விருந்து. பெண்கள் பக்கம் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். ஒரு தாலத்துச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் குந்தி ஒன்றாய் உண்பதுதானே நம் வழக்கம். நீங்கள் குந்தினீர்கள், பக்கத்தில் நான். எதிரே இருந்த நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்திக்குப் பிள்ளை அழுதது, ஒருத்தியை மாமி கூப்பிட்டாள், மற்ற இருவருக்கும் காரணம்கூடத் தேவைப்படவில்லை.

“ஆறு பேர்ட சோறு புள்ள, நமக்கு நல்ல லாபம்” என்று இறைச்சியை என் பக்கம் ஒதுக்கினீர்கள். அப்போது தம்பி பெண்சாதி வந்து குனிந்தாள்.

“கொற நினைக்காதீங்க மதினி, உங்களுக்கு வேற பீங்கான்ல போட்டுத் தாரன். உங்களுக்கு வுழுவும் நிக்காதுதானே, அதான்...”

“தொழத்தானே கைகால் கழுவி வுழு எடுக்குற, சோறு திங்க என்னத்துக்கு வுழு?” என்று நான் கத்தினேன். நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இருத்தினீர்கள்.

எழும்பிப் போனவர்கள் யார்? தொண்ணூறில் மன்னாரைவிட்டு விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்திறங்கி ஓலைக் கொட்டிலில் கிடந்தபோது, உங்கள் சட்டியில் கைவிட்டு உண்டவர்கள். முகாம் முழுக்க வயிற்றுப்போக்கு. அன்று யாரும் யாரையும் விட்டு எழும்பவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் விருந்துக்குப் போகவில்லை. நோன்பு இரவுகளில் பெண்கள் கூடித் தொழும் தராவீஹுக்கும் போகவில்லை. பை இருக்கும்வரை சுத்தம் இல்லை, தொழுகை கூடாது என்று அவர்கள் சொன்னதை நீங்களே நம்பினீர்கள். நான் கிடைத்த மார்க்கக் கிதாபையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பள்ளிவாசல் ஹஸரத்திடமும் ஆள் அனுப்பிக் கேட்டேன். அடக்க முடியாமல் போகிறவருக்குச் சலுகை உண்டு. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதிதாய் வுழு எடுத்துத் தொழலாம் என்றார்.

“நீ வாசிச்சது சரிதான் புள்ள. ஊருக்குத் தெரியாதே” என்றீர்கள்.

அப்படியானால் பயானில், ஊரே கேட்கிற பிரசங்கத்தில், சொல்லுங்கள் என்று ஹஸரத்திடம் நானே போய்க் கேட்டேன். “இது வெக்கக் கதை, மைக்குல எப்படிச் சொல்ற? பாப்பம்” என்றார். மாதவிடாயை மைக்கில் சொல்கிறார்கள், தாம்பத்தியத்துக்குப் பிறகான குளிப்பைச் சொல்கிறார்கள். நோயாளியின் பை மட்டும் வெட்கமாம்! நீங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே தொழுதீர்கள்.

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். “கட்டி திரும்பல்ல, சந்தோஷமாப் போங்க” என்றார்கள். யாரோடு உண்கிறீர்கள், எங்கே தொழுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. புடைப்பைக் காட்டினீர்கள். அது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கடைசியில் அந்தப் புடைப்புக்குள்தான் குடல் முறுக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தும் நீங்கள் மவுத்தானீர்கள். புற்றால் அல்ல. அதனால் அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் சுகமானவர்தான். வீட்டுக் கணக்கில் ஒரு சதம் பிசகினாலும் விடாதவள் நான். இந்தக் கணக்கை எப்படி ஒப்புக்கொள்வேன்?

போன நோன்பில் பெண்கள் பயான் நடந்தது. திரைக்கு அப்பால் ஹஸரத், இப்பால் நாங்கள். பயான் முடிந்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். நான் எழும்பினேன்.

“ஹஸரத், வயித்தில பை வச்ச பொம்புள தொழலாமா? மத்தவங்களோட ஸஃப்பு வரிசையில நிக்கலாமா? ஒரே சஹன்ல சாப்பிடலாமா? மைக்குல சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். தொழலாம், நிற்கலாம், உண்ணலாம், அவரை விலக்குவதுதான் பாவம் என்று தெளிவாகச் சொன்னார். முழுவதையும் சொல்ல, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடப் பிடிக்கவில்லை ராத்தா.

தம்பி பெண்சாதி என் காதுக்குள் கேட்டாள். “இப்ப யாருக்காகக் கேக்குறீங்க? அவதான் மவுத்தாயிட்டாவே.”

“ஓம். இத அப்பவே சொல்லியிருந்தா அவ இந்தப் பாயில இருந்திருப்பா” என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை.

மன்னித்துவிடு என்கிறார்கள். உங்களுக்காக ஒவ்வொரு வக்திலும் துஆக் கேட்கிறேன். அவர்களுக்காகக் கேட்க இன்னும் நாக்கு எழும்பவில்லை. அல்லாஹ் அதை அறிவான். தொழுகை தொடங்குமுன், ஸஃப்பை நேராக்குங்கள், இடைவெளி விடாதீர்கள் என்று இமாம் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவள், அன்று சஹனைவிட்டு எழும்பியவர்களில் ஒருத்தி, என்னோடு ஒட்டி நிற்பாள். அவள் தோள் பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கும். அந்தக் கொதிப்போடுதான் தக்பீர் கட்டித் தொழத் தொடங்குகிறேன்.