பொடி கேட்ட ரத்தம்

12-8-1957, திங்கள்.

ரத்த ஆராய்ச்சி செய்கிற நான் இன்று ஒரு மீன்காரியைப் பார்த்து ஓடிவந்துவிட்டேன். ஒரு செருப்பு இன்னும் வார்டிலேயே கிடக்கிறது.

பிரசவத்தில் ரத்தம் இழந்த அந்த மீன்காரி அஞ்சலைக்கு என் ரத்தமும் அவள் புருஷன் ரத்தமும் பொருந்தின. நேற்று அவள் பக்கத்தில் நின்று, வழக்கம்போலப் பொடி டப்பியை இரண்டு தட்டுத் தட்டியபடி, நர்ஸம்மாவிடம் என்னுடையதை ஏற்றச் சொன்னேன். இன்று அவன் கட்டிலருகே நின்று, என்னைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று விளித்து முனகினான்.

"வேத்தாளு ரத்தம் ஏறினவள எப்படி முசே வூட்டுக்கு இட்டுகினு போறது? இவ என் பொண்டாட்டிதானா?"

"ரத்தத்தோட கொணம் வராதுப்பா" என்று சிரித்தேன்.

தூங்கிக்கொண்டிருந்த அஞ்சலை கண் திறந்தாள். கையில் இல்லாத டப்பியை, என்னைப் போலவே, இரண்டு தட்டுத் தட்டினாள். "கொஞ்சம் பொடி குடுங்க."

"இவ பொடியே போட்டதில்ல முசே!" என்று அவன் அலறினான். எனக்கு முன்னால் என் கால்கள் ஓடின.

வீட்டுக்குக் கிளம்புமுன் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் ரத்தப் புட்டி தொடப்படாமல் இருக்கிறது. புருஷனுடைய புட்டியைத்தான் காணோம்; நர்ஸம்மா ஏற்றியது அவனுடையதை.