கடைசிக் கட்டத்தில் வைத்த படம்

அச்சகத்திலிருந்து வந்த பதாகையை இன்று பங்கு மண்டபத்தில் விரித்தேன். மை வாசனை மூக்கில் ஏறியது. இந்த முறை அதில் உன் படமும் இருக்கிறது.

இந்த வேலையை நாம் இருவரும்தான் தொடங்கினோம். ஆத்துமாக்கள் திருநாளுக்காக, பங்கில் இறந்தவர்களின் படங்களை ஒரே பதாகையில் அடுக்கித் தரும்படி பங்குச் சுவாமி கேட்டார். கையால் அடுக்கினால் கோணும் என்று நீ கணினியில் கோட் எழுதினாய். ஒவ்வொரு படத்தின் எண்ணையும் ஆறால் வகுத்தால் ஈவு நிரை, மீதி நிரல். நான் பூச்சியத்துக்குப் பதிலாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியதில் எல்லாரும் ஓரிடம் தள்ளிப்போய் நின்றார்கள். "செத்த பிறகும் இவையை அலைக்கழிக்கிறாயடி" என்று சிரித்தாய்.

திருத்திய பிறகு முப்பத்தைந்து படங்களும் ஆறு நிரைகளில் அமர்ந்தன. கடைசிக் கட்டம் மட்டும் வெறுமை.

உன் கணவர் ஓலைத்தொடுவாய்க் கரையிலிருந்து கடற்றொழிலுக்குப் போய் அப்போது இரண்டு வருடம். உடைந்த படகு கரையொதுங்கியது; ஆள் கிடைக்கவில்லை.

"அவர் வருவார். செத்தவைக்குள்ள அவரை வைக்கமாட்டன். அந்த இடம் அப்பிடியே கிடக்கட்டும்" என்றாய்.

நீ வீட்டுக்குப் போன பிறகும் அந்த வெறுமை என் கண்ணை உறுத்தியது. உனக்கும் ஒரு முடிவு வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். முகநூலில் கிடந்த உன் கலியாணப் படத்தில் உன்னை வெட்டிவிட்டு, அவரைப் பட்டியலின் முடிவில் சேர்த்தேன். ஒரே ஒரு வரிதான்.

பூசையில் அந்தப் படத்தைக் கண்டதும் உன் மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தார். அதுவரை மகன் வருவான் என்று உன்னோடு சேர்ந்து கடற்கரையில் காத்திருந்தவர். நீ அழவில்லை. கோயில் வாசலில் என்னை நிறுத்தினாய்.

"நீயே செய்தனீ?"

"ஓம்."

"என்ர மனுசன் உனக்கு ஓட்டை அடைக்கிற ஆளோ?"

அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை. மூன்று முறை வந்தேன், கதவு திறக்கவில்லை. காய்ச்சலோடு உன்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட எனக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்டது உன் சவப்பெட்டியிடம்தான்.

இந்த வருடம் அவருடைய படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். உனக்காக என்று நினைத்தேன். பின்னேரம் பதாகையைப் பார்க்க வந்த உன் மாமி ஒவ்வொரு முகமாக விரலால் தடவித் தேடினார்.

"பிள்ளை, என்ர மகன் எங்க?"

"அவள் விரும்பேல்லை, மாமி…"

"நான் இப்பதானே அழுது முடிச்சனான். திரும்பவும் என்னைக் கடற்கரையில கொண்டுபோய் இருத்திறியோ?"

அவரைச் சேர்த்தபோதும் பிழை விட்டேன். எடுத்தபோதும் பிழை விட்டேன். இனி என்ன செய்ய என்று கேட்க நீயும் இல்லை.