தளபதிக்கு ஓர் எதிராளி

கும்மிடிப்பூண்டி
2.6.2025

அன்புள்ள முஜீப் பாய்க்கு,

நலமா? மெஹர் அண்ணிக்கு என் வணக்கம். ஞாயிறுகளுக்கு நடுவே ஆட்டத்தைப் பற்றிக் காகிதத்தில்தான் பேச வேண்டும் என்று விதி போட்டதே நீங்கள்தான். என் கையெழுத்தைத் திட்டாதீர்கள்.

நீங்கள், அண்ணி, சுகிர்தா, தாவீது, நான் என்று ஐந்து பேரும் ஞாயிறுதோறும் என் அறையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப் போகிறது. கதை நடத்துகிற எனக்கு உங்கள் தளபதியை என்ன செய்வதென்றே தெரியவில்லை. யார் எதிரே வந்தாலும் வெட்டிச் சாய்த்துவிடுகிறீர்கள். அண்ணியின் ராணி உங்கள் முதுகுக்குப் பின்னால் சுகமாக இருக்கிறாள். உங்களுக்கென்றே ஓர் எதிராளியை உருவாக்கப் போகிறேன். எப்படிப்பட்டவன் வந்தால் தளபதிக்குக் கை நடுங்கும்? யோசித்து எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
அன்புராஜ்


பொன்னேரி
5.6.2025

அன்புத் தம்பிக்கு,

துஆவுடன் முஜீப் எழுதுவது. எதிராளி பலசாலியாக இருந்து பிரயோஜனம் இல்லை. என் தளபதி மாதிரியே இருக்கிற ஒருத்தன் வந்தால்தான் அவனுக்குப் பயம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம் மட்டும். கம்பெனியில் லேத் பிரிவை மூடிவிட்டார்கள். போன மாதமே என்னை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மெஹருக்குத் தெரியாது. தினமும் அவள் கட்டித் தருகிற டிபனோடு வண்டி ஏறி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஷிப்டு முடிகிற நேரத்துக்குத் திரும்புகிறேன். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் வயதைக் கேட்கிறார்கள். அவளுக்கு எதிரே நிற்கவே கூச்சமாக இருக்கிறது. பக்ரீத் கழிந்ததும் நானே சொல்லிவிடுவேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே.

அன்புடன்,
முஜீப்


கும்மிடிப்பூண்டி
16.6.2025

முஜீப் பாய்,

எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவதென்று தெரியவில்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அந்த எதிராளியை இறக்கும்போது ரயிலைக் குதிரையாக்கினேன், கம்பெனியை அரண்மனையாக்கினேன். இனி யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்துவிட்டேன். அரசன் விலக்கிய பிறகும் தினமும் கவசம் மாட்டிப் புறப்பட்டு, சத்திரத்தில் கட்டுச்சோறு தின்றுவிட்டு, மாலையில் வீடு திரும்புகிற தளபதி. சுகிர்தாவும் தாவீதும் சிரிக்கச் சிரிக்க எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவன் பெண்டாட்டியிடம் சொல்லும் பொய்களைக் குரல் மாற்றி வேறு பேசிக் காட்டினேன். எல்லாரையும்விட அண்ணிதான் அதிகம் சிரித்தார். அப்புறம்தான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

நல்ல எதிராளி கிடைத்த சந்தோஷத்தில், அது நீங்கள் என்பதையே மறந்துவிட்டேன் பாய். அண்ணிக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். அவனை இனிக் கதையில் கொண்டுவர மாட்டேன். நீங்கள் வந்தால் போதும்.

அன்புராஜ்


பொன்னேரி
20.6.2025

அன்புக்கு,

அன்று வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு மெஹர் சொன்னாள்: “ஒங்க சட்டய தொவைக்கிறது நாந்தானே. ஒரு மாசமா ஆயிலு கறையே இல்ல. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு அப்டி சிரிச்ச?” என்று கேட்டேன்.

“நா சிரிக்காம இருந்தா, அல்லாரும் ஒங்க மூஞ்சியத்தான் பாத்திருப்பாங்க” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பொய் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று தெரிந்தே தினமும் எழுந்து சமைத்திருக்கிறாள். வேலை போனதைவிட இதுதான் என்னைக் குத்துகிறது. இப்போது எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வேலை தேடப் போகிறேன். இங்கே பக்கத்து ஆரணியில் ஒரு பட்டறையில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெஹர் வருவாள். அவளுக்கு அந்த ஆட்டம் பிடித்திருக்கிறது, அதை நான் கெடுக்க மாட்டேன். எதிராளியையும் நீ எடுக்க வேண்டாம். அவன் நன்றாகத்தான் அமைந்திருக்கிறான்.

நான் வரவில்லை. உன் மேல் கோபம் என்று நினைக்காதே. வழியில் பார்த்தால் நின்று பேசுவேன், நீ கேட்டதற்குப் பதில் சொல்வேன். நானாக உன்னிடம் ஒன்றைச் சொல்ல இனி எனக்கு வாய் வராது.

முஜீப்