என் பாட்காஸ்டுக்கு மோகன் அண்ணை உரிமையாளராம்

4 நவம்பர், செவ்வாய்

மழை. மைக்கின் பஞ்சு உறை பிய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். மதியம், வேலை செய்யும் சலூனிலிருந்து ரதி அக்கா போன். போன மாதம் என் பாட்காஸ்டில், புருஷனை விட்டு வந்த கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னவர். அவன் தம்பி இப்போது பாரிஸ் வந்துவிட்டானாம்.

"குரலை வைச்சே கண்டுபிடிச்சிடுவான். எடுத்துவிடும் பிள்ளை."

கேட்டால் எடுப்பேன் என்று சொல்லித்தான் பதிந்தேன். உடனே எடுத்தேன்.

5 நவம்பர், புதன்

எடுத்தும் ஓடுகிறது! பாட்காஸ்டுகளைப் பட்டியல் போடும் ஒரு தளத்தில். மற்றத் தளங்கள் இணைப்பு மட்டும் வைக்கும். நான் அழித்தால் அங்கும் போய்விடும். இவர்கள் ஒலியையே பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். என் தொடக்கப் பேச்சை வெட்டிவிட்டு, அங்கே முகம் வெள்ளையாக்கும் கிறீம் விளம்பரம். அக்கா அழுகிறார், அதற்கு முன்னால் கிறீம்! எழுதிக் கேட்டேன். பதில்: உரிமையாளர் சம்மதம் தந்திருக்கிறார்.

எந்த உரிமையாளர்? நான்தானே!

6 நவம்பர், வியாழன்

ஆள் அகப்பட்டார். மோகன் அண்ணை. பாரிஸ் மார்க்ஸ் டோர்மோயில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடை. நம்மவர்களுக்கு கார்த் என்கிற வதிவிட அட்டை, ரொந்தேவு என்கிற அலுவலகச் சந்திப்பு நேரம், எதுவானாலும் அவர் கடையில், அவர் மின்னஞ்சலில்தான். தொடங்கிய நாளில் நானும் அதே பழக்கத்தில் பாட்காஸ்டை அவர் முகவரியில் பதிந்தேன். மடைச்சி. தளம் அவரிடம் கேட்டிருக்கிறது; மனுசன் வாசிக்காமலே சம்மதப் பொத்தானை அமத்தியிருக்கிறார்.

"நல்லதுக்குத்தானே செய்தனான். கன பேர் கேப்பினம்."

"அண்ணை, அது உங்கட குரலோ?"

"கோவிக்காதையும். எடுக்கச் சொன்னா முழு நிகழ்ச்சியையும் தூக்கிப்போடுவாங்கள். உம்மட சனத்தில பாதி அங்கைதான் கேக்குது."

"போகட்டும். இப்பவே எழுதுங்கோ."

பின்னால் காத்திருந்தவர் முணுமுணுத்தார், "தங்கச்சி, எனக்கு ரொந்தேவு பிந்துது." பிந்தட்டும் என்றேன். சம்மதத்தை மீளப்பெற்று அவர் அனுப்பும்வரை கதிரையை விட்டு நகரவில்லை. பிறகு முகவரியை என் பெயருக்கு மாற்றினேன்.

8 நவம்பர், சனி

மரவள்ளி, கருவாடு, மைக் உறை. உறை கிடைக்கவில்லை.

தளத்தின் பதில் வந்தது. ஒரு பகுதியை மட்டும் நீக்க முடியாதாம். பிரதிக்குச் சம்மதி, இல்லாவிட்டால் பட்டியலிலிருந்தே போ. ஒவ்வொரு ஆளாகச் சேர்த்த கூட்டம். இருந்தும் எழுதினேன்: முழுவதையும் எடுங்கள். ஒரு பிரதியும் மிஞ்சக்கூடாது. எங்கள் பெண்களின் அழுகை உங்கள் கிறீம் விற்க அல்ல.

அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி. சீனி போட மறந்து அப்படியே குடித்தேன்.

10 நவம்பர், திங்கள்

வெயில், ஆனால் பல் கிட்டும் குளிர். காலையில் பார்த்தேன், அந்தத் தளத்தில் என் பக்கமே இல்லை. கேட்பவர் தொகையும் விழுந்து கிடக்கிறது. கிடக்கட்டும்! சந்தோசமாகச் சலூனுக்கு ஓடினேன். அக்கா ஒருவருக்குத் தலைமயிருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"பிந்திப் போச்சு பிள்ளை. தம்பிக்காரன் கேட்டிட்டான். நேற்று வாசலில நிண்டு கத்திப்போட்டுப் போனான்."

என் பிழை என்றேன், அழுதுவிட்டேன். அக்கா கையுறையைக் கழற்றினார்.

"உதுக்கேன் அழுறீர்? கேட்டவன் கேட்டிட்டான், இனி என்னத்தை ஒளிக்கிறது? நாளைக்கு எனக்கு லீவு. மைக்கைக் கொண்டு வாரும். முழுக்கத் திருப்பிச் சொல்லுறன், என்ர பேரோடை."

"எங்கை போடுறது அக்கா?"

"நான் சொல்லுற இடத்தில மட்டும்."