கரைக்கு நீளக் கம்பு, படகுக்குக் குட்டைக் கம்பு

அன்பு மகளுக்கு,

என் தூண்டில் கம்புகளை அறையில் போட்டுப் பூட்டச் சொன்னது நீதான். தம்பி மழுப்பிப் பார்த்தான், முடியவில்லை, உளறிவிட்டான். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டுவிட்டு இறங்குகிறேன், யாரும் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் போனில் பேசலாம்தான். பேசினால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் அழாதே கண்ணு என்று உன்னைத் தேற்றி வைத்துவிடுவேன், விஷயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

தம்பியைத் திட்டாதே. அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்று, "அக்காதாம்மா சொன்னா, நீ மறுபடி விழுந்து வச்சா அவ என்னைத்தான் கிழிப்பா, நான் யாருக்குன்னு பயப்படறது" என்று கேட்டான். நியாயமான கேள்விதான், சின்ன வயதிலிருந்து அவன் நம் இரண்டு பேருக்கும் நடுவில்தான் கிடக்கிறான். படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற சாமான் அறையில் நாலு கம்புகளையும் வைத்துப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறான். சாவி அவன் சட்டைப் பையில். இதில் எனக்குச் சிரிப்பு வந்தது எதற்குத் தெரியுமா, அதே வாரம்தான் உன்னிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது, "அம்மா, இங்கே ஆபீஸ்ல எல்லாரும் கடல்ல மீன் பிடிக்கப் போறாங்க, நானும் கம்பும் ரீலும் வாங்கணும், எது வாங்கறதுன்னு சொல்லேன்" என்று. கடைசியில் சிரிக்கிற பொம்மை வேறு. ஒரு கையால் என் கம்பைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு கையால் என்னிடமே யோசனை கேட்கிற சாமர்த்தியம் யாரிடமிருந்து வந்ததோ, நிச்சயமாக உன் அப்பாவிடமிருந்து இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டாய். கோபம் இருக்கிறது என்பதற்காக உன்னைத் தப்பான கம்போடு கடலுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

முதலில் எந்த மீன் என்று யோசிக்காதே, எங்கே நிற்கப் போகிறாய் என்று யோசி. மணலிலா, பாறையிலா, படகிலா, அதைப் பொறுத்துத்தான் கம்பு. கடைக்காரர்கள் இதைக் கேட்க மாட்டார்கள், எல்லாத்துக்கும் ஆகும் என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள், உன் அப்பா முதன்முதலில் வாங்கி வந்தது அப்படி ஒன்றைத்தான். அப்போது நான் மீன் பதப்படுத்துகிற கம்பெனியில் இருந்தேன், உனக்கு நினைவிருக்கும், ரப்பர் பூட்ஸும் தலையில் பிளாஸ்டிக் தொப்பியும். ஒரு நாளைக்கு எத்தனை முறை கழிவறைக்குப் போனோம் என்று எண்ணிக்கொண்டிருக்க ஒரு மேற்பார்வையாளரை வைத்திருந்தார்கள், அதற்கு அவனுக்குச் சம்பளம், அது எங்கள் சம்பளத்தை விட அதிகம். வாரம் முழுக்க ஐஸில் செத்த மீனோடு நின்றவளுக்கு லீவு நாளிலாவது உயிரோடு துள்ளுகிற ஒரு மீனைப் பார்க்க வேண்டும் என்று வெறி. இதைச் சொன்னபோது உன் அப்பா சிரிக்கவில்லை. மறு வாரமே குளத்து மீனுக்கு ஆகிற ஒரு குட்டிக் கம்பும் பொம்மை மாதிரி ஒரு ரீலும் வாங்கி வந்துவிட்டார். உப்புத் தண்ணீர் பட்டுக் கொஞ்ச நாளில் ரீல் கரகரவென்று அழ ஆரம்பித்தது. பஸ் டிப்போ மெக்கானிக் இல்லையா, சத்தம் கேட்டால் அவருக்குத் தாங்காது, பஸ் சக்கரத்துக்கு வைக்கிற கிரீஸை எடுத்து வந்து ரீலுக்குள் அப்பிவிட்டார். "இது அம்பது பேரைத் தூக்கிட்டு ஓடற பஸ்ஸுக்கே போடறது, உன் மீனைத் தூக்காதா" என்றார். அடுத்த தடவை விடிகாலைக் குளிரில் போய் நின்றோம், அந்தக் கிரீஸ் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு சீலா மீன் கடித்துவிட்டு ஓடியது, நூலை விட வேண்டிய ரீல் விடவே இல்லை, படீரென்று அறுந்தது, கைப்பிடி என் கட்டைவிரலில் அடித்தது. நீ பாறை மேல் உட்கார்ந்து, "பஸ் பிரேக் போட்டுடுச்சு, பஸ் பிரேக் போட்டுடுச்சு" என்று கத்தினாய். அன்று அப்பா பிளாஸ்கில் இருந்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அதனால் ரீல் வாங்கும்போது, கடைக்காரர் கைப்பிடியைச் சுழற்றிக் காட்டுவார், வழுக்கிக்கொண்டு ஓடும், அதில் மயங்கிவிடாதே. கடையில் எல்லா ரீலும் ஓடும். உப்புத் தண்ணீருக்கென்று செய்ததா, உள்ளே பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் அடைப்பு இருக்கிறதா என்று கேள். டிராக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி நூலை இழுத்துப் பார், மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கிற பிடி அதுதான், திக்கித் திக்கி விட்டால் வேண்டாம். கம்பில் நூல் ஓடுகிற வளையங்களைத் தடவிப் பார், துரு பிடிக்கிற வளையமாக இருந்தால் ஒரே பருவத்தில் நூலை அறுத்துவிடும்.

மணலில் நின்று வீசுவதாக இருந்தால் நீளக் கம்பு வேண்டும், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஈயக் குண்டு விழ வேண்டும், நூல் அலைக்கு மேலே நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்த நீளம். நூல் நிறையக் கொள்கிற பெரிய ரீல் போடு, கனமான ஈயம் கட்டினால் நூலின் முன்பக்கத்தில் தடித்த நைலான் நரம்பு ஒரு துண்டு சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் வீசுகிற வேகத்தில் அறுந்து ஈயம் யார் தலையிலாவது போய் விழும். நம்முடைய நீளக் கம்பை பஸ்ஸில் கொண்டுபோவோமே, இரண்டாகக் கழற்றினாலும் சீட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், அப்பாவோடு வேலை பார்த்த கண்டக்டர், "ஏங்க, இவருக்கும் ஒரு டிக்கெட் எடுங்க, நின்னுக்கிட்டே வர்றாரு" என்று ஒவ்வொரு தடவையும் அதே ஜோக்கைச் சொல்வார், நீயும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாய். அந்தக் கம்போடு நின்றபோதுதான் உன்னை அலை அடித்துப் புரட்டியது. நான் உன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன், மூக்கிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது, நெற்றியில் சிராய்ப்பு, நீ கேட்ட முதல் கேள்வி "கிழங்கான் மீன் போயிடுச்சா?" அன்று அப்பா வெளிறிப்போய், இனிமேல் இவளை மணலுக்குக் கூட்டி வர வேண்டாம் என்றார். அடுத்த வாரம் அவரே உன் இடுப்பில் கயிறு கட்டி அதன் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஊரே பார்த்துச் சிரித்தது, இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

பாறை மேலோ அலைதடுப்புச் சுவர் மேலோ நிற்பதாக இருந்தால் அவ்வளவு நீளம் வேண்டாம். ஆனால் நூல் கல்லில் உரசாமல் எட்டி நிற்கிற அளவுக்கு நீளமும், மீனை மேலே தூக்குகிற அளவுக்கு முரடும் இருக்க வேண்டும், ரீல் நடுத்தர அளவு. என் நாலு கம்புகளில் எனக்குச் செல்லம் அதுதான். அதை வாங்கப் போனபோது கடைக்காரர் உன் அப்பா முகத்தைப் பார்த்தே பேசினார், அவர் என்னைக் கை காட்டியதும் உள்ளே போய் ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து வந்து, "மேடம், இது லேடீஸ் ராட், வெயிட்டே இருக்காது" என்றார். "மீன் ஆம்பளையா பொம்பளையான்னு பார்த்துட்டா கடிக்கும்" என்று கேட்டேன். அப்பா கடைக்கு வெளியே போய் நின்று சிரித்துவிட்டு வந்தார். உனக்கும் ரோஸ் கலர் நீட்டுவார்கள், வாங்கிவிடாதே.

படகில் போவதாக இருந்தால் குட்டைக் கம்பு, விறைப்பாக இருக்க வேண்டும். அங்கே வீச வேண்டியதில்லை, கிணற்றுக்குள் வாளி விடுகிற மாதிரி நேரே கீழே விட்டு நேரே மேலே இழுப்பதுதான் வேலை, நீளக் கம்பு இருந்தால் இடுப்பு போய்விடும். ரீலும் கம்புக்கு மேலே உட்காருகிற உருளை ரீல், மெதுவாகச் சுற்றினாலும் பலமாக இழுக்கும். உன் அப்பாவுக்குப் படகு என்றாலே வயிறு புரளும், ஆனாலும் ஒரே ஒரு தடவை எனக்காக ஏறினார், நீயும் தம்பியும் அத்தை வீட்டில் இருந்தீர்கள், இது உனக்குத் தெரியாது. கரை மறைவதற்கு முன்பே வாந்தி ஆரம்பித்துவிட்டது. அப்போது பார்த்து ஒரு பெரிய பாறை மீன் மாட்டியது, என்னைப் படகு விளிம்புக்கே இழுத்துவிட்டது. அந்த மனிதர் தலையை ஒரு பக்கம் வெளியே தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ இழு, நான் பிடிச்சுக்கறேன்" என்றார். படகுக்காரர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. அவர் பயந்த ஆள்தான், பல்லி விழுந்தால் கூட என்னைத்தான் கூப்பிடுவார். பயந்தாலும் கூட வந்தார். அவர் போன பிறகு சுவர் மேல் நிற்கும்போது சில சமயம் பின்னால் எப்போதும் போல அவர் உட்கார்ந்து பேப்பர் திருப்புகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்க்க மாட்டேன், பார்த்தால் இருக்க மாட்டார் என்று தெரியும். நான் ஏன் அங்கே போகிறேன் என்று உனக்கு இப்போதாவது புரியும் என்று நினைக்கிறேன். மீனுக்காக மட்டும் என்றால் சந்தை பக்கத்தில்தானே இருக்கிறது.

நான் விழுந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தம்பி சொன்னது பாதிதான். எனக்குத் தலை சுற்றவில்லை, வயதாகித் தடுமாறவில்லை. சுவருக்கு ஏறுகிற கல்படிகளைத் துறைமுகத்துக்காரர்கள் பெயர்த்து எடுத்துவிட்டு வழவழவென்று சிமெண்ட் சரிவு போட்டிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பி போட்டிருப்பது சுற்றுலாப் படகு வந்து நிற்கிற பக்கத்தில் மட்டும், அங்கே பூந்தொட்டிகூட வைத்திருக்கிறார்கள். காலையில் மீன் பிடித்து அதைக் கொண்டு சமைக்கிறவர்கள் ஏறுகிற பக்கத்தில் ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கமும் போடுங்கள் என்று கேட்கப் போனேன், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமல், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா அங்க வேலை" என்றார். எனக்கு முன்னால் அதே சரிவில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார், என்னை விட நாலைந்து வயது பெரியவர். அவர் பிள்ளைகள் அவருக்கு வழுக்காத பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். என் பிள்ளைகள் பூட்டு வாங்கினார்கள். ஆண் விழுந்தால் தரை சரியில்லை, அம்மா விழுந்தால் அம்மா சரியில்லை. நீ பெரிய கம்பெனியில் கூட்டத்துக்குக் கூட்டம் பெண்களுக்காகப் பேசுகிறாய் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் பூட்டை உடைத்திருப்பேன், தம்பி வாங்கியது சாதாரணப் பூட்டுதான். உன் தம்பி பெண்டாட்டிகூட அன்றைக்கு அடுப்பங்கரையில் ரகசியமாக, "அத்தை, அவர் குளிக்கப் போறப்ப சாவியை எடுத்துத் தர்றேன், நீங்க போயிட்டு வந்துடுங்க" என்றாள். நல்ல பெண், நீ அவளிடம் இன்னும் கொஞ்சம் பேசலாம். வேண்டாம் என்றுவிட்டேன். என் பொருளை நானே திருடி எடுத்தால் அது என் பொருள் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பூட்டச் சொன்ன வாயே திறக்கவும் சொல்ல வேண்டும். அதோடு, நான் விழுந்த அன்று கம்புகளைத் தூக்கி வந்த தம்பி அப்படியே உள்ளே சாத்திவிட்டான், ரீல்களில் உப்பு கழுவப்படவில்லை, டிராக் தளர்த்தப்படவில்லை. இருட்டுக்குள் உப்பு அரித்துக்கொண்டிருக்கிறது, எனக்கு அந்தப் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் அதே நினைப்புதான்.

நீ கம்பு வாங்கு, ஆசை தீர வீசு, பெரிய மீனாக மாட்டட்டும், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவு, குழாயைப் பீய்ச்சி அடிக்காதே, துடைத்து டிராக்கைத் தளர்த்தி வை. வழுக்காத பூட்ஸ் வாங்க மறந்துவிடாதே. ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும், யோசித்துப் பதில் எழுது. உனக்கு எத்தனை வயதாகும்போது உன் கம்பைப் பிடுங்கிப் பூட்டச் சொல்லி உன் பிள்ளைகளிடம் நான் சொல்லி வைக்க வேண்டும்? அந்த வயதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா