தண்ணி போதுமாம்

8.9.1978, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் ஒரே அரசியல். புதிய அரசியல் யாப்பில் சிங்களம்தான் அரசகரும மொழி. தமிழும் தேசிய மொழியாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஆளுக்கொரு விளக்கம். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: தமிழ் வீட்டுக்குள் இருக்கலாம், அரசாங்கக் கந்தோருக்குள் வரக் கூடாது.

முனாப் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றான். தங்கச்சி றுகையாவைக் கட்டிய மாப்பிள்ளை. அம்பாறையில் யாவாரம் செய்து பழகிய சிங்களம் வாயில் தண்ணீராக ஓடும். "ஒரு நாட்டுக்கு ஒரு பாஷ இரிந்தாத்தான் மச்சான் வேல நடக்கும். படிச்சிட்டுப் போறதானே" என்றான்.

ஏன் சொல்ல மாட்டான்? வருஷா வருஷம் விதைப்புக் கூட்டத்தில் நீர்ப்பாசன அதிகாரிக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்பவன் அவன். கூட்டம் தமிழில் நடந்தால் அவனுக்கு அங்கே என்ன வேலை?

14.3.1979

சிறுபோக விதைப்புக் கூட்டம். வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் எங்கள் சவளக்கடை வயல்களுக்குத் தண்ணீர் காணுமா என்று கேட்டோம். அதிகாரி நீளமாக ஏதோ சொல்லி, "எத்தி" என்று முடித்தார். முனாப் திரும்பி, "தண்ணி போதுமாம்" என்றான்.

அவ்வளவு பேச்சுக்கும் இரண்டே சொல்லா? பக்கத்து வயல்காரர் கந்தப்போடியும் என்னைப் பார்த்தார். ஆனாலும் போதும் என்றால் போதும்தானே. முழு வயலையும் விதைக்கச் சொல்லிவிட்டேன்.

2.7.1979

நெல் குடலையில் நிற்கிறது, கதிர் வெளியே வரும் நேரம். வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். வயலில் கால் போகிற அளவுக்கு வெடிப்பு. மேல்வயல்காரருக்கு மட்டும் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. முனாபுக்கு அவர்கள் என்ன கொடுத்தார்கள்?

6.7.1979

நேரே போய்க் கேட்டுவிட்டேன். "அவரு எத்தி எண்டாரு, நான் போதும் எண்டேன். இதுல என்ன பொய் மச்சான்?" என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். றுகையா குறுக்கே வந்தாள். "காக்கா, ஒங்களுக்கு மீன்காரன்ட தராசுல சந்தேகம், பள்ளி மோதினார்ட மணிக்கூட்டுல சந்தேகம். இப்ப என்ட மாப்பிள்ளையா? இனி இந்தப் படி ஏறாதீங்க."

பயிர் போனதைவிட இது வலிக்கிறது. ஆனால் நான் கேட்டதில் என்ன பிழை? நெருப்பில்லாமல் புகையுமா?

25.8.1979

நோன்புப் பெருநாள். றுகையா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரவில்லை.

9.9.1979

பேக்கரிக்காரப் பியதாசவிடம் சிங்களம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இந்த வயதில்! வேறு வழியில்லை. இனி முனாபின் வாயை என் காதாலேயே காவல் காக்க வேண்டும்.

இன்று அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். கோப்பை மேல் கையை வைத்து "எத்தி எத்தி" என்றான். ஊற்றாதே என்கிறான். பிறகு மா மூட்டையைத் தட்டிப் பார்த்து அதற்கும் "எத்தி" என்றான். நிறைய இருக்கிறதாம். எங்கள் 'போதும்' மாதிரியே இரண்டு பக்கமும் பேசும் சொல். அதிகாரி, 'கொடுத்தது போதும், இனிக் கேட்காதே' என்றிருக்கிறார். நாங்கள் குளம் நிறைய இருக்கிறது என்று விளங்கிக்கொண்டோம்.

அப்படியென்றால் முனாப் பொய் சொல்லவில்லையா? அல்லது பொய் சொல்லாமலே ஏமாற்றத் தெரிந்தவனா? இரண்டாவதுதான். அவனுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

11.11.1979

படிப்பது முனாபுக்குத் தெரியக் கூடாது. கந்தப்போடிக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

18.3.1980

எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்றைய கூட்டத்தில் முனாபுக்கு நேர் பின்னால் இருந்தேன். அதிகாரி பேசியது முக்கால்வாசி விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். "கீழ்ப்பக்கத்து ஆட்கள் வருஷா வருஷம் அழுவார்கள். இவர்களுக்கு அழுகையும் ஒரு பயிர். இந்த முறை ஒரு சொட்டும் இல்லை" என்றார்.

முனாப் அதை எங்களிடம் சொல்லவில்லை. அதிகாரியிடமே திரும்பினான். கையைக் கட்டி, குனிந்து, சிங்களத்தில்: "ஸேர், இவங்க என் மனைவியின் சொந்தங்கள். போன வருஷம் பயிர் எரிந்துபோனது. நீங்கள் நல்லவர் என்று இவங்க எல்லாரும் சொல்கிறார்கள்." யார் சொன்னது? நாங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை! அதிகாரி சிரித்தார். அவனை ஒரு வார்த்தை ஏசினார், அதை இங்கே எழுத மாட்டேன். பிறகு, சரி, கடைசியில் ஐந்து நாள் தண்ணீர் என்றார்.

முனாப் நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பினான். "ஐயாவுக்கு நம்மட கஷ்டம் நல்லா விளங்கியிரிக்கு. கடசி அஞ்சு நாள் கடைவயலுக்காம்."

என் சந்தேகம் சரிதான். அவன் மொழிபெயர்க்கவே இல்லை. எங்கள் பேரில் கும்பிட அவனுக்கு யார் உரிமை தந்தது? எத்தனை வருஷமாக இப்படி ஏச்சை வாங்கி விழுங்குகிறான்? அந்த ஏச்சு எங்கள் காதில் விழுந்திருந்தால் மண்டபத்தில் அடிபிடிதான், தண்ணீரும் இல்லை. எங்கள் வாயால் எங்கள் தண்ணீரைக் கேட்க முடியாமல் வைத்திருக்கிறார்களே, அதுதான் பத்தி எரியுது. ஒரு நாட்டுக்கு ஒரு பாஷையாம்!

கந்தப்போடி என் சட்டையை இழுத்தார். சத்தமாகவே கேட்டார்: "பளீல் போடியார், நீங்க இப்ப சிங்களம் படிச்ச ஆள்தானே. சொல்லுங்க, அதிகாரி சொன்னதத்தானா முனாப் சொன்னார்?"

சனம் முழுக்க என்னைப் பார்த்தது. முனாபும் திரும்பினான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஓம்" என்றேன். "சொல்லுக்குச் சொல் அதுதான்."